லைன் வீட்டைத் தவணையில் வாங்குவது

"விலையை நீங்க சொல்லுங்க, தவணையை நாங்க சொல்றோமுங்க." அன்னூர்ப் பக்கம் லைன் வீடு கைமாறும்போது கேட்கக் கிடைக்கும் பேச்சு இது. கேட்பவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது. தான் மனதில் வைத்திருந்த விலை அப்படியே கிடைக்கிறது, எதிரே இருப்பவர் பேரம் பேசி அடிக்கவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தோன்றும். ஆனால் இந்த வகை வியாபாரத்தில் லாபநட்டம் விலையில் இல்லை. அது தவணையிலும், அதைவிட முக்கியமாக, கிரயப் பத்திரம் எந்த நாளில் பதிவாகிறது என்பதிலும் இருக்கிறது. தவணைக் கிரயத்தை நான் ஆதரிக்கிறேன். நம் ஊரில் அது பெரும்பாலும் செய்யப்படும் முறையை எதிர்க்கிறேன்.

கோவை–சத்தியமங்கலம் சாலையும் அவினாசி–மேட்டுப்பாளையம் சாலையும் சந்திக்கும் ஊர் அன்னூர். சுற்றிலும் நூற்பாலைகள், கோழிப்பண்ணைகள், தோட்டங்கள். ஆலை வேலைக்கு வருபவர்களுக்கு வீடு வேண்டும். தோட்டத்தில் பத்து சென்ட் ஒதுக்கி, ஒரே கூரையின் கீழ் ஆறோ எட்டோ வீடுகளைக் கட்டிவிட்டவர்கள் அதை ஓய்வூதியமாகவே நினைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மகன் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறான். மோட்டார் காயில் போனால் ஆள் தேட வேண்டும். செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி சொல்ல வேண்டும். ஒரே மீட்டரில் பல வீடுகள் ஓடினால், வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தில் யாருக்கு எவ்வளவு என்று சண்டை. மூன்று மாத வாடகை பாக்கியோடு ஒரு குடும்பம் இரவோடு இரவாகக் காலி செய்து போயிருக்கும். "இனி ஆவாதுங்க, ஆராச்சும் வந்தா குடுத்துட்டு நிம்மதியா இருந்துக்கலாம்" என்று அவர் சொல்லும் நாளில்தான் வாங்குபவர் வந்து சேர்கிறார்.

வங்கிக் கடனில் ஏன் வாங்கக்கூடாது என்றால், பெரும்பாலான லைன் வீடுகளுக்கு வங்கி கடன் தராது. பல கட்டடங்களுக்கு வரைபட அனுமதி இல்லை. ஊராட்சியில் வீட்டு வரி ரசீது இருக்கும், அனுமதி வாங்கிய பிளான் இருக்காது. வாடகை ரொக்கமாக வந்ததால் வருமானத்துக்கும் ஆவணம் இல்லை. முழுப்பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்கும் ஆள் வந்தால், அவர் விலையைப் பாதியிலிருந்து ஆரம்பிப்பார். ஆகவே விற்பவரே கடன்காரருக்கு அவகாசம் தருவதுபோலப் பாக்கித் தொகைக்குத் தவணை கொடுக்கும் வழி இயல்பாகவே பிறக்கிறது. இதன் முதல் நன்மை அதுதான்: வங்கி கண்டுகொள்ளாத ஒரு சொத்துக்கு வாங்கும் ஆளும் நியாயமான விலையும் கிடைக்கச் செய்கிறது. ஆலையில் சூப்பர்வைசராக இருப்பவர், சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துபவர் போன்றோர் சொத்து வாங்க இதைவிட்டால் வேறு வழி குறைவு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் வாடகை வீடு வாங்கி விற்பவர்கள் எழுதிய புத்தகங்களும் அவற்றைத் தமிழில் சொல்லும் யூடியூப் காணொளிகளும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: கைப்பணம் போடாதே, வாடகையே தவணையைக் கட்டட்டும். அங்கே வாடகைக்கும் வீட்டு விலைக்கும் உள்ள விகிதத்தில் சில ஊர்களில் இது நடக்கும். கொங்கு மண்ணில் நடக்காது. உதாரணத்துக்கு எட்டு வீடுகள், வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 40,000, ஆண்டுக்கு 4,80,000. பத்து சென்ட் நிலமும் கட்டடமும் சேர்த்து 1.2 கோடி விலை என்றால் வரவு 4 சதவீதம். பராமரிப்பும் வரியும் போனால் அதைவிடக் குறைவு. ஊர்க் கணக்கில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். பாக்கி 90 லட்சத்துக்கு அந்த வட்டி மாதம் 90,000. வாடகை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. நிலத்தின் விலையில் எதிர்பார்ப்பு ஏறியிருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசி திட்டத்தின் தண்ணீர் குளங்களுக்கு வரத் தொடங்கியதும், 2022இல் விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்த தொழிற்பூங்காத் திட்டம் பற்றிய பேச்சும், கோவையிலிருந்து வடக்கே நகரம் நீள்வதும் அந்த எதிர்பார்ப்பில் அடங்கும். வாடகையோ ஆலைச் சம்பளத்தை ஒட்டியே நகர்கிறது.

அப்படியானால் இந்தப் பேரம் எப்படி முடிகிறது? விற்பவர் வட்டியை விட்டுக்கொடுப்பதால் முடிகிறது. 30 லட்சம் கையில், மீதி 90 லட்சம் மாதம் ஒன்றரை லட்சமாக 60 மாதங்களில், வட்டியில்லை என்று பேசினால், விற்பவர் காதில் விழுவது 1.2 கோடி. ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி வரும் இடத்தில் போடக்கூடிய பணம் என்று கணக்கிட்டால், அந்த 90 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 74 லட்சம்தான். அதாவது வீட்டை அவர் 1.04 கோடிக்குக் கொடுத்திருக்கிறார். 16 லட்சத்தை இழந்தது அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தெரிந்தே கொடுத்தால் தவறில்லை. மாதாமாதம் ஒரு தொகை கணக்கில் விழுவதும் மோட்டாரைப் பற்றி யோசிக்காமல் தூங்குவதும் அவருக்கு அந்தப் 16 லட்சத்துக்கு ஈடு என்று அவர் எண்ணலாம். அந்த எண்ணை அவர் முன் வைக்காமல் பேரத்தை முடிப்பவரை நல்ல வியாபாரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாங்குபவர் தரப்புக்கும் இதே கணக்கு ஒரு எச்சரிக்கை. வாடகை போக மாதம் 1,10,000 ரூபாயை ஐந்து ஆண்டுகள் தன் சம்பாத்தியத்திலிருந்து போட முடியுமா என்பதே அவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முதல் நாளே முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 10.8 லட்சம் போய்விடும். பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்தது 2023 மார்ச் இறுதியில்தான்.

தவணையில் சொத்து விற்பது ஏதோ குறுக்குவழி என்று நினைப்பவர்கள் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆவது பிரிவைப் படிக்க வேண்டும். கிரயம் என்பது விலைக்கு ஈடாக உரிமையை மாற்றுவது. அந்த விலை கொடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம், கொடுப்பதாக உறுதி சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம், பாதி கொடுத்துப் பாதி உறுதி சொன்னதாகவும் இருக்கலாம் என்று அதுவே இடம் தருகிறது. ஆக, இன்றே கிரயம் எழுதிப் பதிந்துவிட்டு, பாக்கியை ஐந்து ஆண்டுகளில் வாங்கிக்கொள்வது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்டது. அப்படி உரிமை மாறிய பிறகு வராத பாக்கிக்கு அந்தச் சொத்தின் மீதே விற்பவருக்குப் பொறுப்புரிமை உண்டு என்று 55ஆவது பிரிவு சொல்கிறது. பத்திரத்தில் பாக்கித் தொகை, தவணைத் தேதிகள், தவறினால் என்ன என்பதெல்லாம் எழுதியிருந்தால் அந்த உரிமை வில்லங்கம் பார்க்கிற எவருக்கும் தெரியும். இன்னும் உறுதி வேண்டுமானால் அதே நாளில் வாங்குபவர் பாக்கித் தொகைக்கு விற்பவர் பெயரில் அடமானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் செலவு. அதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

நடப்பில் என்ன செய்கிறோம்? இரண்டு தவறுகளில் ஒன்று. முதலாவது, கிரயப் பத்திரத்தில் "முழுத் தொகையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிவிட்டுப் பாக்கிக்குப் புரோநோட்டு வாங்கிக்கொள்வது. புரோநோட்டுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. சொத்தின் மீதான பொறுப்புரிமைக்கு 12 ஆண்டு. முழுப்பணமும் வாங்கியதாகத் தன் கையெழுத்திலேயே ஒப்புக்கொண்டவர் பிறகு எந்த முகத்தோடு பாக்கி கேட்டு வழக்குப் போடுவார்? இதே இடத்தில்தான் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மிச்சத்தை மேசைக்கடியில் வாங்கும் பழக்கமும் மாட்டிக்கொள்கிறது. பத்திரத்தில் வராத ரூபாய்க்குச் சொத்தின் மேல் எந்தப் பிடியும் கிடையாது. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. தவணைக் கிரயம் நேர்மையான விலையை எழுத வைக்கிறது. எழுதாத விற்பனையாளர் தன் ஐந்து ஆண்டுப் பணத்தை ஒருவர் வாய்ச்சொல்லில் ஒப்படைக்கிறார். இந்த முறையின் நன்மைகளில் நான் அதிகம் மதிப்பது விலையை நேர்மையாக எழுத வைப்பதைத்தான்.

இரண்டாவது தவறு இன்னும் பரவலானது: கிரயம் கடைசித் தவணையோடு, அதுவரை வெறும் அக்ரிமென்ட். அக்ரிமென்ட் போட்ட அன்றே சாவியும் வாடகை வசூலும் வாங்குபவர் கைக்குப் போய்விடும். சிலர் கூடவே ஒரு பவரும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். கிரய ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று அதே 54ஆவது பிரிவு தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் வைத்துக் கைமாற்றுவது கிரயம் ஆகாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் தேதியிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாத தாளை வைத்துக்கொண்டு "நான் சுவாதீனத்தில் இருக்கிறேன்" என்று சொல்வதும் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு செல்லாது.

நீண்ட அக்ரிமென்ட் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு மதுரையில் ஒரு வீடு சாட்சி. வித்யாநாதம் எதிர் வைரவன் என்ற அந்த வழக்கில் 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், 5,000 ரூபாய் முன்பணம், ஆறு மாத அவகாசம். வாங்க வந்தவர் இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட்டார். அதற்குள் மதுரையில் விலை மும்மடங்காகிவிட்டது. 1997இல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரயம் கிடைக்காது என்று தீர்ப்பளித்தது. 1981இல் தவணை முறையில் ஒப்பந்தமான தமிழ்நாட்டு நிலம் ஒன்று பற்றிய சாரதாமணி கந்தப்பன் வழக்கிலும், 2011இல், தவணைத் தேதிகளைத் தவறவிட்டவர் தோற்றார். நகர்ப்புறச் சொத்தின் விலை இவ்வளவு வேகமாக ஏறும் காலத்தில், அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலக்கெடு முக்கியமில்லை என்ற பழைய கொள்கையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் அப்போது சொன்னது. 2018 அக்டோபர் முதல் நிலைமை வாங்குபவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிடுவது இப்போது நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. ஆனாலும் தவணைகளைச் சரியாகக் கட்டத் தயாராகவும் மனமுவந்தும் இருந்தேன் என்பதை அவர் நிரூபித்தாக வேண்டும்.

வாங்குபவரை அழிக்கக்கூடிய பத்தி ஒன்று இந்த அக்ரிமென்ட்டுகளில் வரும்: ஒரு தவணை தவறினாலும் அதுவரை கட்டிய தொகை முழுவதும் விற்பவரைச் சேரும். சிகாகோவில் 1950களிலும் 60களிலும் வங்கிக் கடன் மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் இப்படித்தான் ஒப்பந்த முறையில் வீடு வாங்கின. பத்திரம் கடைசித் தவணையில்தான். ஒரு மாதம் தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். அப்படித் துரத்தப்பட்ட வீட்டை வியாபாரி அடுத்த குடும்பத்துக்கு அதே முறையில் விற்பார். 1968இல் லான்டேல் பகுதி மக்கள் ஒப்பந்த வாங்குவோர் சங்கம் அமைத்து, தவணை கட்டுவதை நிறுத்திப் போராடி, பல ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வைத்தார்கள். இந்தியாவில் சட்டம் அந்த அளவுக்கு இரக்கமற்றதல்ல. முன்பணம் என்று தெளிவாக எழுதிய தொகையை மட்டுமே பறிமுதல் செய்யலாம், விலையின் பகுதியாகக் கொடுத்ததை அல்ல என்று 2012இல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஆனால் அந்தப் பிரிவினையை நிலைநாட்ட ஆலைத் தொழிலாளி எத்தனை ஆண்டு கோர்ட்டுக்கு நடப்பார்? வங்கி ஒதுக்கியவர்களுக்கு உதவப் பிறந்த முறை அவர்களையே சுரண்டுவதாக மாறியதற்கு சிகாகோவில் காரணம் தவணை அல்ல, பத்திரம் தள்ளிப்போனது. அதனால்தான் பத்திரத்தின் தேதியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணம் ஐந்து ஆண்டில் வந்தாலும் மூலதன ஆதாய வரி சொத்து மாறிய ஆண்டிலேயே முழுத் தொகைக்கும் விழும். பதிவுசெய்த அக்ரிமென்ட்டோடு சுவாதீனம் கொடுத்தாலும் அப்படித்தான். ஒரு கோடி ஆதாயமென்றால் 12.5 சதவீத வீதத்தில் 12.5 லட்சம், செஸ் தனி. முதல் நாள் கைக்கு வரும் தொகை அந்த வரிக்காவது போதுமா என்று விற்பவர் பார்க்காவிட்டால், வராத பணத்துக்கு வரி கட்டக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

பேரம் பேசும் கலையைப் பற்றிய அறிவுரைகளில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்று உண்டு: விற்பவரின் வலி எங்கே என்று கண்டுபிடித்து அங்கே கை வை என்பது. சலித்துப்போன வீட்டுக்காரர் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறார்கள். ஒருவருக்குச் சலிப்பு வேலையில். வாடகை வசூல், பழுது, சண்டை, இவை தீர்ந்தால் சொத்தை வைத்துக்கொள்ளவே விரும்புவார். இன்னொருவருக்குப் பணம் வேண்டும். மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, பங்கு பிரிக்கும் கட்டாயமோ இருக்கும். இரண்டாமவருக்கு ஐந்து ஆண்டுத் தவணை பயன்படாது. முதலாமவர் விற்கவே தேவையில்லை. முதலாமவருக்கு ஏற்றது மொத்தக் குத்தகை. எட்டு வீடுகளையும் ஒருவர் மூன்று ஆண்டுக்கு எடுத்துக்கொண்டு மாதம் ஒரு நிலையான தொகை தந்துவிடுவார். பழுதும் வசூலும் அவர் பாடு. முடிவில் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் எழுதிக்கொள்ளலாம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்பதால் பதிவு கட்டாயம். விற்பவர் வாங்குபவரின் கைநேர்த்தியை மூன்று ஆண்டு பார்த்துவிடுகிறார், வாங்குபவர் கட்டடத்தின் குறைகளைக் கற்றுக்கொள்கிறார், யாரும் யாரிடமும் மாட்டிக்கொள்ளவில்லை. அமெரிக்கப் புத்தகங்களிலிருந்து எடுத்துவரத் தகுந்த ஒன்று என்றால் இதைச் சொல்வேன். அதற்கு மாறாக, வங்கி அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கிக்குத் தெரியாமல் வாங்கி, விற்பவரின் இ.எம்.ஐ.யைத் தான் கட்டிவரும் உபாயத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். மூலப்பத்திரம் வங்கிப் பெட்டியில் இருக்கும்வரை அப்படிக் கட்டிய பணத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை.

விற்பவரின் வயதும் இந்தப் பேரத்தில் ஒரு தரப்பு. எழுபத்தைந்து வயதுக்காரரோடு ஐந்து ஆண்டு அக்ரிமென்ட் போடுபவர், அவருடைய வாரிசுகளோடும் சேர்த்துத்தான் போடுகிறார். அவர் காலமானால் ஒப்பந்தம் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும் என்பது சட்டம். அவர் எழுதிக்கொடுத்த சாதாரணப் பவர் அன்றோடு முடிந்துவிடும் என்பதும் சட்டம்தான். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாடு 1989இலேயே பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. இன்றும் கொங்குக் குடும்பங்களில் கல்யாணச் சீரோடு மகளின் கணக்கு முடிந்துவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். கோவையிலோ ஈரோட்டிலோ இருக்கும் மகளின் கையெழுத்து இல்லாமல் வாங்கியவர் மூன்றாம் ஆண்டில் வக்கீல் நோட்டீஸ் வாங்குகிறார். பத்திரம் முதல் நாளே முடிந்திருந்தால் எல்லாக் கையெழுத்தும் அன்றே வந்திருக்கும், வராவிட்டால் பேரம் அன்றே நின்றிருக்கும்.

பேச்சு நடக்கும் திண்ணையில் இல்லாதவர்கள் எட்டுக் குடும்பங்கள். விலை, தவணை, வட்டி எல்லாம் பேசுபவர்கள், வாடகைக்காரர்கள் கொடுத்த அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதைப் பேசுவதில்லை. வீட்டுக்கு 20,000 என்றால் 1,60,000. பழையவர் அதைச் செலவழித்திருப்பார், புதியவர் "நான் வாங்கலீங்க" என்பார். காலி செய்யும் நாளில் தொழிலாளி இருவர் வாசலிலும் நிற்பார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109ஆவது பிரிவு இதில் வாடகைக்காரர் பக்கம் இருக்கிறது: வாங்குபவருக்கு வாடகை வாங்கும் உரிமை வருகிறது, வாடகைக்காரர் விரும்பினால் பழைய உரிமையாளரின் கடமைகளும் அவரைச் சேரும். சொத்து மாறியது தெரியாமல் பழையவருக்குக் கொடுத்த வாடகையை மறுபடி கேட்க முடியாது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. லைன் வீடுகளில் அது பெரும்பாலும் இல்லை. கைமாறும் நாள் அதைச் செய்ய நல்ல நாள். கிரயப் பத்திரத்தின் இணைப்பாக எட்டு வீடுகளின் விவரம், யார் குடியிருக்கிறார், அட்வான்ஸ் எவ்வளவு, வாடகை எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்ற பட்டியல் போட்டு, அட்வான்ஸ் தொகையை முதல் தவணையில் கழித்து வாங்குபவர் பொறுப்பில் எழுத வேண்டும். இந்தி மட்டும் தெரிந்த ஆலைத் தொழிலாளர் குடியிருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் ஒரு கடிதமும், விற்பவர், வாங்குபவர் இருவர் கையெழுத்தோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும்: அடுத்த மாத வாடகை யாருக்கு, எந்தக் கணக்கில், அட்வான்ஸுக்கு இனி யார் பொறுப்பு என்று.